பொது இடங்களில் சேவை நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மளிகைக் கடை, உணவகம், மருத்துவமனை, விமானம் என்று எங்கே போனாலும் என்றாவது ஒரு நாள் சேவை நாயைப் பார்த்துவிடுவோம். உணவகமோ மோட்டலோ நடத்தும் தமிழர்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள், ஊரிலிருந்து பேரக்குழந்தைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர், தனக்கே ஒரு சேவை நாய் தேவைப்படுமோ என்று யோசிப்பவர்கள், இவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாய் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்தோ கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தோ முடிவெடுக்காதீர்கள், அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

சேவை நாய் என்றால் என்ன? எல்லா வளர்ப்பு நாயும் சேவை நாய் ஆகிவிடுமா?

ஆகாது. 1990ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை எல்லோரும் ஏடிஏ என்றே சொல்கிறார்கள். அதன் விதிகளை அமெரிக்க அரசின் நீதித்துறை திருத்தி 2011 மார்ச் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த விதிகளின்படி, ஒருவரின் உடல் குறைபாட்டோடோ மனநலக் குறைபாட்டோடோ நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வேலையைச் செய்ய, அவருக்காகவே பயிற்சி பெற்ற நாய்தான் சேவை நாய்.

வேலை என்றால் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு செயல். பார்வையற்றவரைப் படிக்கட்டில் நிறுத்துவது, காது கேளாதவரிடம் தீ அலாரம் அடிப்பதைத் தெரிவிப்பது, சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துக் கொடுப்பது, நீரிழிவு உள்ளவரின் சர்க்கரை இறங்குவதை மோப்பத்தில் அறிந்து எச்சரிப்பது, போரிலிருந்து திரும்பிய வீரரைக் கெட்ட கனவிலிருந்து எழுப்புவது, இவையெல்லாம் அதில் அடங்கும்.

போலீஸ் நாய், விமான நிலையத்தில் பெட்டிகளை மோப்பம் பிடிக்கும் நாய் போன்றவையும் வேலை செய்யும் நாய்கள்தான். ஆனால் அவை அரசுப் பணியில் இருப்பவை, அவற்றுக்கான விதிகள் தனி. மருத்துவமனையில் நோயாளிகளைத் தடவிக்கொடுக்கவிடும் தெரபி நாய்க்கும் இந்தச் சட்டத்தில் நுழைவுரிமை கிடையாது, அந்தந்த இடம் அழைத்தால்தான் வரலாம்.

மன ஆறுதலுக்காக வைத்திருக்கும் நாயைக் கடைக்குள் கொண்டுவரலாமா?

அந்த உரிமை இல்லை. பக்கத்தில் இருப்பதால் மட்டும் நிம்மதி தருகிற நாய், அந்த நிம்மதி எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், ஏடிஏவின் கணக்கில் சேவை நாய் இல்லை. அதே மனிதருக்கு, பதற்றம் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, மடியில் ஏறி அழுத்தியோ கையை முட்டியோ அதைத் தணிக்கப் பயிற்சி பெற்ற நாய் என்றால் அது சேவை நாய். வாடகை வீட்டு விஷயத்தில் வேறு சட்டம் வருகிறது, அங்கே ஆறுதல் நாய்க்கும் இடம் உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

கடைக்காரர் என்ன கேட்கலாம்?

பார்த்தாலே தெரிகிறது என்றால் எதையும் கேட்கக் கூடாது. பார்வையற்றவர், நாயின் உடலில் மாட்டிய கைப்பிடி வைத்த ஹார்னஸைப் பிடித்துக்கொண்டு வரும்போது கேள்வி எதற்கு? வெளிப்படையாகத் தெரியாதபோது இரண்டே கேள்விகளுக்கு அனுமதி உண்டு. ஒன்று: உங்கள் உடல்நிலை அல்லது குறைபாடு காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? இரண்டு: என்ன வேலை செய்ய இதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள்?

இதற்கு மேல் போகக் கூடாது. “உங்களுக்கு என்ன வியாதி?”, “கடிதம் இருக்கிறதா?”, “எங்கே, செய்து காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்” எதுவும் வேண்டாம். கேட்கும் தொனியும் முக்கியம். வாசலில் வரிசை நிற்கும்போது உரக்கக் கேட்டால், முன்பின் தெரியாத இருபது பேருக்கு நடுவில் அவர் தன் உடல்நிலையைச் சொல்ல வேண்டியதாகிவிடும். கொஞ்சம் அருகில் போய்த் தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். “எனக்கு வலிப்பு வரும்முன் எச்சரிக்கும்” என்பது பதில். “இது இருந்தால் எனக்குத் தைரியம்” என்பது போதாது.

அடையாள அட்டை, பதிவுச் சான்றிதழ் காட்டினால்?

இணையத்தில் சில டாலருக்கு அட்டையும் சான்றிதழும் விற்கிறார்கள். அவற்றுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்று நீதித்துறையே சொல்லியிருக்கிறது. அட்டையை வைத்து உள்ளே விடவும் வேண்டாம், அட்டை இல்லை என்று வெளியே அனுப்பவும் வேண்டாம். சேவை நாய் சட்டை போட்டிருக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. வெறிநோய்த் தடுப்பூசி, உள்ளூர் நாய் உரிமம் ஆகியவை மற்ற நாய்களைப் போலவே இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் தானே பயிற்சி கொடுத்துக்கொண்டு வரலாமா?

வரலாம். பயிற்சிப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பள்ளியில் பயிற்சி பெற்ற நாய்க்குக் காத்திருப்பு நீளம், செலவும் மிக அதிகம். வசதி இல்லாதவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக வைத்த வழி இது, இதைச் சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் வீட்டில் பயிற்சி கொடுப்பவருக்குச் சுமை கூடுதல். உதவி நாய் வைத்திருப்பவர்களின் சர்வதேச சங்கம் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது: ஆறு மாதத்துக்குக் குறையாமல், மொத்தம் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 30 மணி நேரமாவது பொது இடங்களில். இது சட்டம் இல்லை, இத்துறையில் இருப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கோடு. அந்த 30 மணி நேரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் சொன்னதெல்லாம் கேட்கும் நாய், கறிக்கடைப் பகுதியின் வாசனைக்கு முன்னால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

சரி, நல்ல நடத்தை என்றால் துல்லியமாக என்ன?

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். நாய் அதை வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத பழக்கம் இருக்க வேண்டும். ஹார்னஸ், கயிறு, வார் ஏதாவது ஒன்றில் பிடித்திருக்க வேண்டும். அவரால் கயிறு பிடிக்க முடியாது அல்லது நாயின் வேலைக்குக் கயிறு இடைஞ்சல் என்றால், குரலாலோ சைகையாலோ கட்டுப்படுத்த வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகள் கேட்பது இதைவிட அதிகம். அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பின் பொது இடத் தேர்வு இதற்கு நல்ல அளவுகோல். தேர்வு கார் கதவிலேயே தொடங்கிவிடும். கதவைத் திறந்ததும் நாய் குதித்து ஓடக் கூடாது, “வா” என்று சொல்லும் வரை உள்ளேயே இருக்க வேண்டும். கடைக் கதவில் ஆளை இழுத்துக்கொண்டு முன்னால் போகக் கூடாது. நெரிசலில், பொருட்களுக்கு நடுவே, தன்னை வைத்திருப்பவரின் நடைக்கு ஈடுகொடுத்து நடக்க வேண்டும். பின்னால் யாரோ எதையோ தடாலென்று போடுவார்கள். நாய் திடுக்கிடலாம், அதில் தப்பில்லை. ஆனால் உடனே தெளிந்து வேலைக்குத் திரும்பிவிட வேண்டும், பயத்தில் பாய்வதோ உறுமுவதோ கூடாது.

உட்காரச் சொல்லி, பக்கத்தில் தரையில் ஒரு தட்டு உணவை வைப்பார்கள். தள்ளுவண்டி ஒன்று உரசுவதுபோல் கடந்து போகும். முன்பின் தெரியாதவர் வந்து தடவிக்கொடுப்பார். உணவகத்தில் மேசைக்கு அடியிலோ ஓரமாகவோ, வழியை மறிக்காமல், சாப்பாடு முடியும் வரை படுத்திருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே கயிற்றை நழுவவிட்டுப் பார்ப்பார்கள், நாய் ஓடாமல் நிற்கிறதா என்று. கயிற்றை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு அவர் சில அடி விலகிப் போவார், நாய் ஊளையிடாமல் காத்திருக்க வேண்டும். தேர்வில் இன்னொரு நாயையும் பக்கத்தில் நடத்திக்கொண்டு போவார்கள்.

அன்றாட ஒழுங்கு என்று இன்னும் சில உண்டு. நாய் சுத்தமாக, நாற்றமில்லாமல் இருக்க வேண்டும். வேலைக்குத் தேவைப்பட்டாலன்றி அவரைவிட்டு 24 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. அடுத்த மேசைக்காரரிடம் போய் முகர்ந்து பார்ப்பதோ தலையை நீட்டுவதோ இல்லை. சிந்திய சோற்றையும் தொடக் கூடாது. மல, சிறுநீர் கழிப்பது சொல்லும்போது, சொல்லும் இடத்தில் மட்டும்.

பட்டியலைப் பார்த்தால் கடுமையாகத் தெரியும். ஆனால் நன்றாகப் பழகிய சேவை நாய் ஒன்று உணவகத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போன பிறகு, பக்கத்து மேசைக்காரர் எழுந்து நிற்கும் நாயைப் பார்த்து “இது இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தது?” என்பார். அந்த அளவுக்குப் பழகிய நாயை ஒரு கடைக்காரரும் வெளியே அனுப்ப நினைக்க மாட்டார்.

சட்டம் வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்?

நடத்தையாலேயே கதவைத் திறந்தார்கள். டென்னசியின் நாஷ்வில்லைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞர் சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்று, 1928ல் பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு அமெரிக்கா திரும்பினார். அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தவர் அங்கே நாய்ப் பயிற்சி நிலையம் நடத்திவந்த டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ். இருவரும் சேர்ந்து 1929ல் தொடங்கிய சீயிங் ஐ என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி இன்று நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனில் இருக்கிறது. அந்த நாட்களில் ரயில் பெட்டியில்கூட நாயை அவருடன் விட மறுத்தார்கள். ஃபிராங்க் ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பட்டி பக்கத்தில் அமைதியாகப் படுத்திருந்தது. 1935க்குள் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் வழிகாட்டி நாயை அதன் மனிதரோடு பெட்டியில் இருக்க அனுமதிக்கத் தொடங்கின. அந்த ரயில் பயணங்களில் பட்டி யாரையாவது ஒரு தரம் கடித்திருந்தால், பார்வையற்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்க இன்னும் எத்தனை வருடம் பிடித்திருக்குமோ.

நாய் குரைத்துவிட்டது. வெளியே அனுப்பலாமா?

ஒரே ஒரு முறை குரைத்ததற்காக முடியாது. யாராவது சீண்டியதால் குரைத்தாலும் முடியாது. நூலகம், திரையரங்கு, விரிவுரை நடக்கும் அரங்கு போன்ற அமைதியான இடத்தில் திரும்பத் திரும்பக் குரைத்தால் கட்டுப்பாட்டில் இல்லை என்று கொள்ளலாம்.

கெட்ட நடத்தை போலத் தெரிந்து, உண்மையில் வேலையாக இருப்பது உண்டா?

நிறைய உண்டு, இதைத்தான் மக்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வரிசையில் நிற்கும்போது நாய் திடீரென்று எழுந்து தன் மனிதரின் முழங்காலைக் காலால் பிறாண்டுகிறது, விடாமல் முட்டுகிறது. சேட்டை போலத் தெரியும். சர்க்கரை இறங்குகிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கலாம். ஒருவர் விழுந்ததும் நாய் அவர்மேல் படுத்துக்கொண்டு முகத்தை நக்கினால், வலிப்பு நேரத்தில் அதற்குக் கற்றுக்கொடுத்தது அதுவாக இருக்கலாம், பிடித்து இழுக்காதீர்கள். சில நாய்கள் உதவி கேட்டுக் குரைக்கவே பயிற்சி பெற்றவை.

வழிகாட்டி நாய் சொல் கேட்காமல் நிற்பதும் இந்த வகைதான். “முன்னே போ” என்று அவர் சொல்லியும் நாய் சாலையோரத்தில் அசையாமல் நிற்கும், ஏனென்றால் சத்தமே இல்லாமல் ஒரு மின்சாரக் கார் திரும்பிக்கொண்டிருக்கும். ஆபத்து தெரிந்தால் கட்டளையை மீறு என்று கற்றுக்கொடுப்பது வழிகாட்டி நாய்ப் பயிற்சியின் உச்சம்.

எப்படிப் பிரித்தறிவது? நாயின் கவனம் யார்மேல் என்று பாருங்கள். வேலை செய்யும் நாய் தன் மனிதரையே பார்த்துக்கொண்டிருக்கும். சேட்டை செய்யும் நாயின் கண் சாப்பாட்டின்மேலும் அடுத்தவர்மேலும் இருக்கும். சந்தேகம் வந்தால் “உதவி வேண்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். சேவை நாய் ஆள் இல்லாமல் தனியாக வந்து உங்களை முட்டினால் விரட்டாமல் அதன் பின்னால் போய்ப் பாருங்கள், அவர் எங்காவது விழுந்து கிடக்கலாம்.

எப்போது வெளியே அனுப்பலாம்? என்ன சொல்லி அனுப்புவது?

இரண்டு காரணங்கள் உண்டு: நாய் கட்டுப்பாட்டில் இல்லை, அதை வைத்திருப்பவரும் சரிசெய்ய முயலவில்லை, அல்லது நாய் அசுத்தம் செய்கிறது. யாரையாவது கடிக்கப் போனால், பாய்ந்தால் அதுவும் இதில் சேரும். அது உண்மையான சேவை நாயாகவே இருந்தாலும் அனுப்பலாம். பல கடைக்காரர்கள் “சேவை நாய் என்று சொல்லிவிட்டார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அது தேவையே இல்லை. அவர் பொய் சொல்கிறாரா என்று துருவ வேண்டிய வேலை உங்களுக்குக் கிடையாது. நாய் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஓடி அடுத்தவர் பையை முகர்ந்துகொண்டிருந்தால் அதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

“மன்னிக்கணும், உங்கள் நாயைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா?” என்று முதலில் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அடங்கவில்லை என்றால்: “நாயை வெளியே விட்டுவிட்டு நீங்கள் வரலாம், இல்லையென்றால் வேண்டியதைச் சொல்லுங்கள், நாங்கள் எடுத்துத் தருகிறோம்.” இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். நாயை அனுப்பலாம், ஆளுக்குச் சேவையை மறுக்கக் கூடாது. என்ன நடந்தது என்று அன்றே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. “நாய் தொந்தரவு செய்தது” என்று எழுதினால் பின்னால் உதவாது, “நாய் மூன்றாம் மேசைக் குழந்தையின் தட்டிலிருந்து உணவை எடுத்தது, சொல்லியும் அவர் பிடிக்கவில்லை” என்று எழுதுங்கள்.

உணவகம் நடத்துகிறேன். சுகாதார விதி நாயை அனுமதிக்காதே?

சமையலறைக்குள் வேண்டாம், சாப்பிடும் கூடத்தில் விட வேண்டும். உள்ளூர் சுகாதார விதி நாய் கூடாது என்று சொன்னாலும் சேவை நாய்க்கு அது பொருந்தாது. வாரக்கடைசி பஃபே வரிசையிலும் அவருடன் நாய் வரலாம். தனி மூலையில் உட்கார வைப்பது கூடாது, எல்லோருக்கும் தரும் மேசையையே தாருங்கள்.

ஆனால் நாற்காலியில் ஏற்றி உட்கார வைப்பதையோ மேசையில் உணவு ஊட்டுவதையோ நீங்கள் அனுமதிக்க வேண்டியதில்லை. கடையின் தள்ளுவண்டிக்குள் நாயை உட்கார வைப்பதும் பொதுவாக அப்படித்தான்: நாய் தரையில் இருக்க வேண்டும் அல்லது அவர் தூக்கிக்கொள்ள வேண்டும். மூச்சின் வாசனையை வைத்துச் சர்க்கரை அளவை அறியும் சின்ன நாயை மார்போடு பையில் வைத்துத் தூக்கி வருவார்கள், அதன் வேலைக்கே முகத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

எங்கள் மோட்டலில் நாய்க்குத் தனிக் கட்டணம் உண்டு. வாங்கலாமா?

சேவை நாய்க்கு வாங்கக் கூடாது, முடி உதிர்ந்ததற்கும் கூடாது. கட்டிலையோ கம்பளத்தையோ கிழித்து நாசம் செய்தால், மற்ற விருந்தினரிடம் எப்படி வாங்குவீர்களோ அப்படி இவரிடமும் வாங்கலாம். நாயை அறையில் தனியாகப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவதற்கு அவருக்கு உரிமை இல்லை. நாய் எப்போதும் அவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

ஒவ்வாமை இருக்கிறது. என் அம்மாவுக்கு நாய் என்றாலே பயம். என்ன செய்வது?

ஒவ்வாமையும் பயமும் சேவை நாயை மறுக்கக் காரணம் ஆகாது. இருவருக்கும் இடம் தர வேண்டும்: ஒரே அறையில் தூரத் தூர உட்கார வைப்பது, வேறு அறை தருவது.

ஊரிலிருந்து வருகிற நம் பெற்றோர் பலருக்குத் தெரு நாய் பழக்கம்தான் உண்டு. துரத்தும், கடிக்கும், தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய வேண்டாம். சேவை நாய் தன் இடத்தைவிட்டு வராது என்று முன்பே சொல்லிவையுங்கள். கத்தவோ ஓடவோ வேண்டாம், நாயைப் பார்க்காமல் தன் வழியில் நடந்தால் போதும். லிஃப்டில் கஷ்டமாக இருந்தால் அடுத்த லிஃப்டில் போங்கள். நாயை வைத்திருப்பவரை இறங்கச் சொல்வது சரியில்லை.

தடவிக்கொடுக்கலாமா? குழந்தை ஆசைப்படுகிறது.

வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சீட்டியடிப்பது, பிஸ்கட் நீட்டுவது, கண்ணைப் பார்த்துக் கொஞ்சுவது எதுவும் வேண்டாம். சாலையைக் கடக்கும் நொடியில் நாயின் கவனம் உங்களிடம் திரும்பினால் அடிபடப்போவது அதை நம்பி நடக்கும் மனிதர். பேச வேண்டும் என்றால் அவரிடம் பேசுங்கள். ஹார்னஸையோ அவர் கையையோ பிடித்து இழுத்து “உதவி” செய்யாதீர்கள்.

உங்கள் வளர்ப்பு நாயை அழைத்துக்கொண்டு நடக்கும்போது சேவை நாய் எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து ஒதுங்கிப் போங்கள். “என் நாய் ஒன்றும் செய்யாது, விளையாடத்தான்” என்று அருகில் விடுவது பெரிய தீங்கு. ஒரு முறை கடிபட்ட சேவை நாய் அதன்பின் மற்ற நாய்களைக் கண்டால் நடுங்கி, வேலைக்கே உதவாமல் போய்விடலாம். மாதக்கணக்கான பயிற்சி போவதோடு ஒரு மனிதர் தனியாக வெளியே போகும் வாய்ப்பும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு கோபப்பட்டாலும் தகும்.

ஊபர் ஓட்டுகிறேன். காரில் முடி உதிரும் என்று மறுக்கலாமா?

முடியாது. 2021ல் ஒரு நடுவர் தீர்ப்பில், வழிகாட்டி நாயோடு வந்ததால் பலமுறை மறுக்கப்பட்ட பார்வையற்ற ஒருவருக்கு ஊபர் 11 லட்சம் டாலர் தர வேண்டியதாயிற்று. ஓட்டுநரின் கணக்கையும் நிறுவனம் மூடிவிடலாம். ஒரு பழைய போர்வையைப் பின்சீட்டின் கீழ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாய் காலடியில்தான் படுக்கும்.

கோயிலுக்குள்?

மத அமைப்புகளுக்கு ஏடிஏவின் பொது இடங்கள் பற்றிய பகுதி பொருந்தாது. ஆகவே கோயிலும் தேவாலயமும் மசூதியும் தாங்களே முடிவு செய்யலாம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பேசாமல் விடாமல், நிர்வாகக் குழு முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்து வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். கருவறைக்கு எவ்வளவு தூரம் வரை, மண்டபத்தில் எங்கே, அன்னதானக் கூடத்தில் எந்த வரிசையில் என்று தெளிவாக இருந்தால், பார்வையற்ற பக்தர் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்காது. பைரவரின் வாகனமே நாய் அல்லவா.

மருத்துவமனையில்?

நோயாளியின் அறை, அவசரப் பிரிவு, சிற்றுண்டிக் கூடம் எல்லாம் சரி. அறுவை சிகிச்சை அறை, தீக்காயப் பிரிவு போல நுண்கிருமி இல்லாமல் வைத்திருக்கும் இடங்களுக்குள் அனுமதி இல்லை. நோயாளியால் நாயைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் குடும்பத்தாரோ நண்பரோ பார்க்க வேண்டும், அது நர்ஸின் வேலை இல்லை.

விமானத்தில்?

இங்கே ஏடிஏ இல்லை, போக்குவரத்துத் துறையின் தனி விதி. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி விமானத்திலும் நாய் மட்டும்தான் சேவை விலங்கு, ஆறுதல் விலங்கை வளர்ப்பு விலங்காகவே நடத்தலாம். விமான நிறுவனம் ஒரு படிவம் கேட்கலாம்: நாயின் உடல்நலம், பயிற்சி, நடத்தை பற்றி நீங்களே கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் பயணத்தில் நாய் அசுத்தம் செய்யாது அல்லது சுகாதாரக் கேடில்லாமல் கழித்துக்கொள்ளும் என்று இன்னொரு படிவமும் கேட்கலாம். நாய் உங்கள் காலடியில் அடங்க வேண்டும். இன்ன இனம் என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது. இந்தியாவுக்குப் பறப்பவர்கள் நாயை இறக்குமதி செய்யும் விதிகளையும் பல மாதம் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பயிற்சியில் இருக்கும் குட்டிக்கும் அதே உரிமையா?

ஏடிஏவில் இல்லை. பல மாநிலச் சட்டங்கள் கொடுக்கின்றன, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உரிமை இல்லாத இடத்தில் முன்கூட்டியே கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். குட்டி தடுமாறத் தொடங்கினால் உடனே வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், பாடத்தை இன்னொரு நாள் நடத்திக்கொள்ளலாம்.

வளர்ப்பு நாய்க்குச் சட்டை மாட்டிக் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

பல மாநிலங்களில் குற்றம். கலிஃபோர்னியாவில் 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் வழக்கு அரிதாகவே வருகிறது. உண்மையான சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. பழகாத ஒரு நாய் காலையில் ஒரு கடையில் அசுத்தம் செய்துவிட்டுப் போகும். மாலையில் அதே வாசலில் வந்து நிற்கும் பார்வையற்ற பெண்ணை ஊழியர் முகம் சுளித்து நிறுத்துவார். உங்கள் நாயைப் பிரிய மனமில்லை என்பதற்காக இதைச் செய்யாதீர்கள்.

என்னைச் சேவை நாயோடு உள்ளே விடவில்லை. எங்கே சொல்வது?

முதலில் மேலாளரைக் கேளுங்கள். வாசலில் நிற்கும் ஊழியருக்கு விதி தெரியாதது பாதிச் சிக்கலுக்குக் காரணம், இரண்டு கேள்விகளைப் பற்றி அமைதியாகச் சொன்னால் அங்கேயே முடிந்துவிடலாம். முடியவில்லை என்றால் நாள், நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அமெரிக்க நீதித்துறையின் குடிமை உரிமைகள் பிரிவில் இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம். விமானம் என்றால் புகார் போக்குவரத்துத் துறைக்குப் போகும், அதற்கு முன் நிலையத்திலேயே விமான நிறுவனத்தின் புகார் தீர்வு அதிகாரியைக் கேளுங்கள், அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. நீதித்துறை வழக்காக்கினால் முதல் மீறலுக்கே விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பை 2014ல் 75,000 டாலராக உயர்த்தினார்கள், பணவீக்கத்துக்கேற்ப அது இப்போது 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தனியாக வழக்கறிஞர் வைத்து நீதிமன்றத்துக்கும் போகலாம். மாநிலச் சட்டம் சில இடங்களில் நஷ்டஈடும் தரும், ஆகவே உங்கள் மாநிலத்தின் மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பையும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.